இரவில் நின்று நின்று வந்த மூச்சு

கழுத்தில் அடிபட்டுத் தண்டுவடம் சிதைந்த பிறகு முதல் மூன்று வருடம் எனக்கு மனச்சோர்வு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் கண் விழிக்கும்போதே தலை கனக்கும், நெற்றிப்பொட்டு வலிக்கும். பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தும் ஒரு மணி நேரம்கூடத் தூங்காதவன் போல இருப்பேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். படித்த பக்கத்தையே மறுபடி படிப்பேன். நன்றாகத் தெரிந்த சொல் வாய்க்கு வராது. சின்ன விஷயத்துக்கும் மனைவியிடம் எரிந்து விழுவேன். "இவ்வளவு பெரிய அடி பட்டவருக்கு இப்படி இருக்காதா?" என்று யாராவது கேட்டால் மறுத்துச் சொல்ல ஒன்றும் இருக்காது. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரவில் தூங்க இன்னொன்று. தசை இறுக்கத்துக்கு ஏற்கெனவே பேக்லோஃபென் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றும் சேர்ந்த பிறகு காலைகள் இன்னும் மோசமாயின.

காரணம் இரவில் இருந்தது. தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆயிற்று. இன்னொருவருக்கு அந்த மூன்று வருடம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் காயம் கழுத்துத் தண்டுவடத்தின் சி5 மட்டத்தில், அதாவது மேலிருந்து ஐந்தாவது பகுதியில். தோளை அசைப்பேன், முழங்கையை மடக்குவேன். மடக்கிய கையைத் தசை பலத்தால் நீட்ட முடியாது, விரல்கள் அசையாது. அடிபட்ட புதிதில் ஐந்து வாரம் வென்டிலேட்டரில் இருந்தேன். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். குழாயை எடுத்த அன்று "இனி மூச்சுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்கள். பகலைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதனால் அதற்குப் பிறகு யாரும் என் மூச்சைப் பற்றி நினைக்கவில்லை.

உடலுக்குள் நடப்பது என்னவென்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூச்சுக்கான முக்கியத் தசை உதரவிதானம். அதற்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் சி3, சி4, சி5 பகுதிகளிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே தண்டுவடம் முழுமையாகச் சிதைந்தால் இயந்திர உதவியில்லாமல் மூச்சு விட முடியாது. எனக்கு உதரவிதானம் வேலை செய்கிறது. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் செய்வதில்லை. ஆகவே காற்றை உள்ளே இழுக்கும் வேலை ஏறக்குறைய ஒரே தசையின் தலையில் விழுகிறது. விழித்திருக்கும்போது கழுத்துத் தசைகள் கொஞ்சம் கைகொடுக்கும். தூக்கத்தில், அதிலும் கனவு காணும் கட்டத்தில், அந்த உதவியும் நின்றுபோகும். அப்போது தொண்டைச் சதையும் தளர்ந்து காற்றுப்பாதையை அடைத்தால், ஏற்கெனவே திணறுகிற ஒற்றைத் தசை அடைப்பை மீறி இழுக்க வேண்டியிருக்கும்.

இந்த அடைப்பு ஒரு வகை. தொண்டை திறந்தே இருக்கும், ஆனால் மூளையே சில நொடிகள் மூச்சுக்கான கட்டளையை அனுப்பாமல் விட்டுவிடும் என்பது இன்னொரு வகை. முதுகில் அடிபட்டவர்களைவிடக் கழுத்தில் அடிபட்டவர்களிடம் இந்த இரண்டாவது வகை அதிகம் என்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தும் வரும். எனக்கு இரண்டும் இருந்தது. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இரவு மூச்சுத்தடை இருக்கிறது. எங்கள் புனர்வாழ்வு வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

காரணங்கள் சின்னச் சின்னதாகக் கூடிவருகின்றன. புரண்டு படுக்க முடியாததால் இரவு முழுவதும் மல்லாந்தே கிடக்கிறோம். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். ஆனால் எங்களைப் போன்றவர்களின் உதரவிதானத்துக்கு மல்லாந்த நிலைதான் வசதி. மற்றவர்களுக்கு நேர்மாறாக, உட்கார்ந்திருப்பதைவிடப் படுத்திருக்கும்போதுதான் எங்களால் அதிகக் காற்றை இழுக்க முடிகிறது. ஒரே படுக்கை நிலை ஒன்றுக்கு நல்லது, இன்னொன்றுக்குக் கெடுதல். அப்புறம் மூக்கடைப்பு. கழுத்தில் அடிபட்டால் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும் நரம்புப் பாதையும் அறுபடுகிறது. அதனால் சளி பிடிக்காமலே மூக்கு அடைத்துக்கொள்ளும். இத்தனை வருடமாக எனக்கு ஒவ்வாமை என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சரி, எப்படித் தெரியவந்தது? மனைவிதான் கண்டுபிடித்தாள். ஒரு இரவு அவளுக்குத் தூக்கம் வராமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குறட்டை திடீரென்று நிற்கிறது. எண்ணத் தொடங்கியிருக்கிறாள். இருபத்தைந்து வரை எண்ணியும் மூச்சு வரவில்லை. பிறகு ஒரு திணறலோடு வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே. அவள் போனை எடுத்துப் பத்து நிமிடம் படம் பிடித்தாள். அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது நான் வழக்கம்போல "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்ல, அவள் குறுக்கிட்டு அந்தக் காட்சியைக் காட்டினாள். மருத்துவர் அதை இரண்டு முறை பார்த்தார். அன்றே தூக்க ஆய்வுக்கு எழுதிக் கொடுத்தார். தூக்க மாத்திரையையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். தூக்க மாத்திரை, வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகள், அளவு கூடிய தசைத் தளர்வு மருந்துகள் எல்லாம் மூச்சை மந்தப்படுத்தக்கூடியவை. (இதைப் படித்துவிட்டு பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.)

ஆய்வில், மணிக்கு 38 முறை என் மூச்சு நின்றோ பாதியாகக் குறைந்தோ போனது தெரிந்தது. மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு முறையும் மூளை என்னை அரைகுறையாக எழுப்பி மூச்சு விட வைத்திருக்கிறது. எனக்கு அது நினைவில் இல்லை, ஆனால் உடல் அறிந்திருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்து மனைவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் சோர்வுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டதே என்று பெரிய நிம்மதியாக இருந்தது.

தூக்க ஆய்வுக் கூடங்கள் பலவற்றில் எங்களைத் தூக்கிப் படுக்க வைக்கவோ இரவில் திருப்பிவிடவோ ஆள் இருக்காது. முதலில் போன இடத்தில் எனக்கு அதுதான் நடந்தது. கட்டிலுக்கு மாற்ற வழியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் கேட்கத் தயங்காதீர்கள்: ஆய்வை வீட்டிலேயே செய்ய முடியுமா? ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதற்காகவே ஒரு முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் ஒரு கேள்வித்தாள், சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஓர் இரவு விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் பதிவுக் கருவி, அவ்வளவுதான். கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களிடம் அது நம்பும்படி வேலை செய்தது.

ஆக்ஸிஜன் எண் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூச்சு ஆழமில்லாமல் போனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். காலைத் தலைவலிக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். அதைத் தோலில் ஒட்டும் உணர்கருவியாலோ ரத்தப் பரிசோதனையாலோ அளக்கலாம். இரவில் ஆக்ஸிஜன் குறைகிறது என்று சொல்லி வெறும் ஆக்ஸிஜன் சிலிண்டரை மட்டும் வைத்துவிட்டால் திரையில் எண் நன்றாகத் தெரியும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகலாம். யாராவது அப்படிப் பரிந்துரைத்தால், கார்பன் டை ஆக்சைடைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாஸ்க்கும் அசையாத கையும்

முதலில் சிபாப் கொடுத்தார்கள். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை இது. காற்றை ஒரே அழுத்தத்தில் தொடர்ந்து ஊதித் தொண்டையைத் திறந்தே வைக்கும். எளிமையான கருவி. ஆனால் விரல் அசையாதவனுக்கு எளிமையில்லை.

மூன்றாவது இரவு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க். நள்ளிரவில் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. கையால் மாஸ்க்கை எடுக்க முடியவில்லை. கூப்பிடும் சுவிட்ச் தலையணையிலிருந்து நழுவிக் கீழே போயிருந்தது. காற்று ஊதிக்கொண்டிருக்கும்போது கத்தினாலும் சத்தம் வெளியே போகாது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மாஸ்க்கின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினேன். காற்று கசியும் சத்தத்தில் மனைவி விழித்துக்கொண்டாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போயிருக்கும். இரண்டு வாரம் நான் அந்த மாஸ்க்கைத் தொடவே விடவில்லை.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்து மூன்று விஷயங்களை மாற்றினார். முழு மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கை மட்டும் மூடும் சிறிய மாஸ்க் கொடுத்தார். வாய் திறந்திருந்தால் கூப்பிடலாம், வாந்தி வந்தாலும் அடைக்காது. மாஸ்க்கின் பட்டையில் அகலமான துணி வளையம் ஒன்றைத் தைத்தார். மணிக்கட்டை அதற்குள் நுழைத்துத் தோளை அகட்டினால் மாஸ்க் கழன்றுவிடும். படுக்கப் போகும் முன் பகலிலேயே இருபது முறை பழகினேன். கூப்பிடும் சுவிட்சைத் தலையணையில் வைக்காமல், கன்னத்தால் தட்டும்படி வளையும் கம்பியில் பொருத்திக் கட்டிலோடு இணைத்தார். மாஸ்க்கைத் தானாகக் கழற்ற முடியாத யாரும் இந்த ஏற்பாடு இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தில் இன்னும் மேலே அடிபட்டு, தோளும் அசையாதவர்களுக்கு அருகில் ஆள் இருக்க வேண்டும், அல்லது மாஸ்க் நழுவினால் ஒலிக்கும் அலாரம் உள்ள கருவி வேண்டும்.

மூக்கடைப்பைச் சரிசெய்யாமல் மூக்கு மாஸ்க் வேலை செய்யாது. எனக்குக் கருவியோடு சேர்ந்த ஈரப்பதமூட்டியும், மருத்துவர் எழுதிக் கொடுத்த மூக்குத் தெளிப்பானும் உதவின. மாஸ்க்கின் விளிம்பு அழுத்தும் இடங்களை வீட்டில் உள்ளவர்கள் தினமும் பார்க்க வேண்டும். மூக்கின் மேட்டில் வரும் புண்ணும் அழுத்தப் புண்தான்.

பலருக்கு இது பிடிபடாமல் போவதில் ஆச்சரியமில்லை. புதிதாகக் கழுத்தில் அடிபட்ட 160 பேரை வைத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், கனடாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. மூன்று மாதம் சிபாப் வைத்ததில் கவனமும் நினைவாற்றலும் கூடவில்லை. ஆனால் பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது. சராசரியாக ஓர் இரவில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் அவர்களால் மாஸ்க்கைப் போட முடிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கருவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வளையம் தைக்கவும் மாஸ்க் மாற்றிப் பார்க்கவும் யாராவது கூட இருக்க வேண்டும்.

எனக்கும் சிபாப் முழுத் தீர்வாகவில்லை. தொண்டை அடைப்பு நின்றது. மூளை கட்டளை அனுப்பாத இடைவெளிகள் நிற்கவில்லை, கார்பன் டை ஆக்சைடும் இறங்கவில்லை. நான்கு மாதம் கழித்துப் பைபாப் கருவிக்கு மாற்றினார்கள். உள்ளிழுக்கும்போது அதிக அழுத்தமும் வெளிவிடும்போது குறைந்த அழுத்தமும் கொடுக்கும். நான் மூச்சு விட மறந்தால் குறிப்பிட்ட நொடிக்குள் அதுவே ஒரு மூச்சைத் தரும். அந்தக் கடைசி வசதிதான் என் கதையைத் திருப்பியது. பதினோராம் நாள் காலையில் தலைவலி இல்லை. அன்று முழுவதும் அது எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. ஒரு மாதத்தில் பகல் தூக்கம் போனது. மனச்சோர்வு மாத்திரையை ஒரு வருடத்தில் மருத்துவரே நிறுத்தினார். ஆகவே சிபாப் போட்டும் சோர்வு தீரவில்லை என்றால் "எனக்கு இது ஒத்துவராது" என்று விட்டுவிடாதீர்கள். எந்த வகைத் தடை மிச்சமிருக்கிறது என்று மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

இருமல்

தூக்கத்தைப் பற்றி எழுத வந்து இருமலைப் பற்றிப் பேசுவது விலகல் இல்லை. சளி தேங்கினால் மாஸ்க் போட முடியாது. மாஸ்க் இல்லாத இரவில் மூச்சு இன்னும் மெலிந்து சளி இன்னும் தேங்கும். எனக்கு நிமோனியா வந்தது அப்படித்தான். தண்டுவடக் காயம் உள்ளவர்களின் இறப்புக்கு முதன்மைக் காரணங்களில் மூச்சு சார்ந்த நோய்கள், அதிலும் நிமோனியா, இருக்கின்றன.

இருமலின் வேகத்தையும் அளக்கலாம். ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப்பார்க்கும் சின்னக் கருவியே போதும். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால், சளி பிடிக்கும்போது சிக்கல் வரலாம். 160க்குக் கீழே போனால் சளியை வெளியே கொண்டுவரவே முடியாது என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தனியாக 180. மனைவி வயிற்றில் கை வைத்து, நான் இருமும் அதே நொடியில் உள்ளேயும் மேலேயும் தள்ளினால் 290. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரம் பழகியதற்குக் கிடைத்தது இந்த 110. இதை யாரும் எங்களுக்கு முதல் வருடத்தில் சொல்லித்தரவில்லை என்பது இன்றும் வருத்தம்.

தள்ளுவதற்கு முன் நுரையீரல் நிறைந்திருக்க வேண்டும். காற்றை உள்ளே மட்டும் விடும் அடைப்பானோடு கையால் அமுக்கும் காற்றுப் பையால் மூச்சுக்கு மேல் மூச்சாக மூன்று நான்கு முறை அடுக்கி, நிறைத்துக்கொண்டு இருமுவேன். சளி அதிகமான நாட்களில் இருமல் இயந்திரம். அது காற்றை உள்ளே அழுத்தி, உடனே உறிஞ்சி இழுத்து இருமலைப் போலவே செய்யும். முதலில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சில நாட்களில் கூட்டிக்கொண்டு போனார்கள். பயமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். உட்காரும்போது வயிற்றுக்குப் பட்டை கட்டுகிறேன். தளர்ந்த வயிறு முன்னால் சரியாமல் தாங்கிப் பிடித்தால் உதரவிதானம் குவிந்த நிலைக்கு வந்து நன்றாக இழுக்கும். பட்டை விலா எலும்பின் மேல் ஏறிவிடக் கூடாது, படுக்கும்போது தளர்த்திவிட வேண்டும்.

மூச்சுத் தசைப் பயிற்சிக்கு நான் முதலில் மதிப்புக் கொடுக்கவில்லை. இழுக்கும்போது தடை கொடுக்கும் சிறிய குழாய், அவ்வளவுதான். தினமும் இரண்டு வேளை, ஒரு தொகுதிக்கு 12 மூச்சு, சில தொகுதிகள், வாரத்தில் ஐந்து நாள். ஆறு வாரத்தில் இழுக்கும் பலம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வாக்கியம் நீண்டது. அடுத்த அறையில் இருப்பவளைக் கூப்பிட முடிகிறது.

தூக்கம் வராத இன்னொரு காரணம்

மூச்சு சரியான பிறகும் எனக்குப் படுத்ததும் தூக்கம் பிடிக்கவில்லை. இதன் காரணம் தெரிந்தபோது அசந்துபோனேன். இருட்டானதும் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். அந்தக் கட்டளை மூளைக்குள்ளேயே நேராகப் போவதில்லை. தண்டுவடம் வழியாக மார்பின் மேல்பகுதி வரை இறங்கி, அங்கிருந்து கழுத்து வழியாகத் திரும்ப மேலே ஏறுகிறது. கழுத்தில் தண்டுவடம் முழுமையாகத் துண்டிக்கப்பட்டால் அந்தப் பாதை அறுந்து இரவு மெலடோனின் சுரப்பதே இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். எங்களில் பலருக்கு "இரவாகிவிட்டது" என்ற செய்தி உடலுக்குப் போய்ச் சேருவதில்லை. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. தூக்கத்தில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது, பெரிய மாற்றம் இல்லை. நான் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சிறிய அளவில் எடுக்கிறேன். எனக்கு உதவுகிறது. தூக்க மாத்திரையைப் போல மூச்சை மந்தப்படுத்தாது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

புதியவை, எதுவரை வந்திருக்கின்றன

உறவினர்களும் நண்பர்களும் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அன்பால்தான். ஒவ்வொன்றையும் என் மருத்துவரிடம் எடுத்துப் போய் ஒரே கேள்வியைக் கேட்பேன்: இது எந்த உடலுக்காகச் செய்தது?

உதரவிதானத்துக்கு மின் தூண்டல் கொடுக்கும் கருவி முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது, ஆனால் மேல் கழுத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு வாழ்க்கையையே மாற்றக்கூடியது. கிளீவ்லாந்தில் ரேமண்ட் ஆண்டர்ஸ் என்ற அறுவை மருத்துவர் 2000இல் தொடங்கிய முறை இது. லேப்ராஸ்கோப்பி மூலம் உதரவிதானத்திலேயே மின்முனைகளைப் பொருத்துகிறார்கள். கழுத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருந்த ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 2003இல் இதைப் பொருத்திக்கொண்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் ஒப்புதல் தந்தது. வென்டிலேட்டர் இல்லாமல் பல மணி நேரம் இருக்கலாம், வாசனை திரும்பும், பேச்சு இயல்பாகும். ஆனால் சி3 முதல் சி5 வரை உள்ள நரம்பணுக்கள் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். அந்த இடத்திலேயே அடிபட்டிருந்தால் செய்யாமலும் போகலாம். முதலில் நரம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கருவி உதரவிதானத்தை இழுக்கும்போது தொண்டைத் தசைகள் அதோடு சேர்ந்து திறப்பதில்லை. தொண்டைத் துளையை மூடிவிட்டால் தூக்கத்தில் அடைப்பு வரலாம். பொருத்திய பிறகும் தூக்க ஆய்வு தேவை.

இருமலுக்கான மின் தூண்டல்தான் எனக்கு ஆசை காட்டுவது. அந்தோணி டிமார்கோ என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, கீழ் முதுகுத் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளை வைத்து வயிற்றுத் தசைகளைச் சுருங்கச் செய்தது. அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பலர் அடுத்தவர் உதவியில்லாமல் தாங்களே பொத்தானை இயக்கிச் சளியை வெளியேற்றினார்கள். அறுவை இல்லாமல் வயிற்றின் மேல் ஒட்டும் மின்முனைகளை வைத்து இதைச் செய்யும் ஆராய்ச்சி சிட்னியில் நடக்கிறது.

விட்டு விட்டுக் குறைந்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சை ஒன்று ஆய்வில் இருக்கிறது. 9 அல்லது 10 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றை ஒன்று ஒன்றரை நிமிடம், பிறகு சாதாரணக் காற்று, இப்படிப் பதினைந்து முறை. ஆக்ஸிஜன் குறைவை உணர்ந்து மூளைத்தண்டு செரட்டோனின் என்ற வேதிப்பொருளை விடுகிறது; அது மூச்சு நரம்பணுக்களுக்குள் மிச்சமிருக்கும் இணைப்புகளை வலுப்படுத்துகிறது. புளோரிடாவில் கார்டன் மிட்செல் என்பவரின் குழு பல வருடமாக இதில் உழைக்கிறது. என் மனைவி கேட்டாள்: "தூக்கத்தில் உங்களுக்கு நடந்ததும் இதுதானே?" நல்ல கேள்வி. அளவில்தான் வித்தியாசம். கண்காணிப்போடு பதினைந்து முறை நடப்பது ஒன்று, இரவு முழுவதும் நூற்றுக்கணக்கில் நடப்பது வேறு. யாரும் வீட்டில் முயலக் கூடாது.

2024 டிசம்பரில் இரண்டு செய்திகள் வந்தன. தோலின் மேல் வைத்துத் தண்டுவடத்தைத் தூண்டும் ஆர்க்-எக்ஸ் கருவிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கைகளின் பலத்துக்கும் உணர்வுக்கும்தான் அது, மூச்சுக்கு இல்லை. இதே போன்ற தூண்டலால் மூச்சும் இருமலும் மேம்படுமா என்ற ஆய்வுகள் தொடக்க நிலையில் உள்ளன. அதே மாதம் டிர்செபடைடு ஊசி மருந்துக்கு, உடல்பருமனோடு நடுத்தர அல்லது கடும் தொண்டை அடைப்பு உள்ளவர்களுக்காக ஒப்புதல் வந்தது. எடையைக் குறைத்து அடைப்பைக் குறைக்கும். மூளை கட்டளை விடாத வகைக்கு அது பதில் இல்லை. மலச்சிக்கல் அதன் பக்க விளைவுகளில் ஒன்று. குடல் ஏற்கெனவே மந்தமான எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. எடை கூடியவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம், ஆனால் இந்த இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவிக்கும் இப்படித்தான். 2014லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, ஆனால் தொண்டை அடைப்பு வகைக்கு மட்டும்.

மூளை கட்டளை விடாத வகைக்கு மாத்திரைகள் வருமா? அசிட்டசோலமைடு, பஸ்பிரோன் போன்ற பழைய மருந்துகளைத் தண்டுவடக் காயம் உள்ளவர்களிடமே சோதித்து வருகிறார்கள். நான் ஆவலோடு காத்திருப்பது இதற்குத்தான். அதுவரை என் பைபாப் போதும்.

போன மாதம் புனர்வாழ்வு வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக அடிபட்ட ஒரு பையன், பத்தொன்பது வயது, யாரிடமும் பேசுவதில்லையாம், பயிற்சிக்கு எழுப்பினால் கண்ணை மூடிக்கொள்கிறானாம். நான் போய் அவன் கட்டிலருகே நாற்காலியை நிறுத்தினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கத் தோன்றியது. "காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறதா?"

அவன் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான்.

"தினமும்தான் தம்பி," என்றார் அவர். "தலையணை சரியில்லையோன்னு நெனச்சேன்."

அன்று இரவு அவன் விரலில் ஆக்ஸிஜன் பதிவுக் கருவியை மாட்டினார்கள்.